வனத்து அந்தோணியார் உலகம் சுற்றிய கதை

தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்களில் அந்தோணியார் இருவர் உண்டு. ஒருவர் இளைஞர். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியிருப்பார். செவ்வாய்க்கிழமை நவநாளுக்குக் கூட்டம் கூடுவது இவரிடம்தான். மற்றவர் கிழவர். நீண்ட வெண்தாடி, கையில் தடி, தடியில் ஒரு மணி, காலடியில் ஒரு பன்றி. வனத்து அந்தோணியார் என்றும் பெரிய அந்தோணியார் என்றும் நம்மவர்கள் அழைப்பது இவரை. இந்தச் சுரூபத்தின் தாடி எகிப்திலிருந்து வந்தது. மணியும் பன்றியும் பிரான்சில் சேர்ந்தவை. இளைய அந்தோணியாருக்கு அந்தப் பெயரே இந்தக் கிழவரிடமிருந்து போர்ச்சுக்கலில் கிடைத்தது. மனிதர் கண்ணில் படாமல் வாழப் பாலைவனம் புகுந்த ஒருவர் இத்தனை நாடுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

கதை கி.பி. 251 வாக்கில் எகிப்தின் கோமா என்ற ஊரில் தொடங்குகிறது. அந்தோணி வசதியான வீட்டுப் பிள்ளை. பெற்றோர் விட்டுப்போன நிலம் இன்றைய கணக்கில் சுமார் 200 ஏக்கர், அதுவும் நைல் நதி வளம் கொழிக்கும் பூமி. இருபது வயதை எட்டும் முன்பே தாய் தந்தை இருவரையும் இழந்தார். அதன்பின் ஒருநாள் கோவிலில் வாசிக்கக் கேட்ட நற்செய்தி, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் பகுதி, தனக்கென்றே வாசிக்கப்பட்டதாக அவருக்குப் பட்டது. நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். தங்கையைக் கன்னியர் குழு ஒன்றிடம் ஒப்படைத்தார். முதலில் ஊரோரம், பிறகு கல்லறைக் குகை, பிறகு நைலுக்கு அப்பால் பிஸ்பிரில் பாழடைந்த கோட்டைக்குள் ஏறத்தாழ 20 ஆண்டுகள், கடைசியில் செங்கடல் பக்கத்து மலை என்று தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தார். அவருக்கு முன்பும் ஊரோரத்தில் தவம் செய்தவர்கள் இருந்தார்கள். பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவரைப் பார்த்துத்தான் அவரே பழகினார். பாலைவனத்தின் உள்ளே அவ்வளவு தூரம் போனதுதான் புதுமை.

356இல், தமது 105ஆம் வயதில், இறக்கும் தறுவாயில் கூட இருந்த இரண்டு சீடர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: என்னைப் புதைத்த இடம் உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. இதற்குக் காரணம் உண்டு. பெரியவர்களின் உடலைத் துணியால் சுற்றிப் பதப்படுத்தி, புதைக்காமல் வீட்டில் கட்டிலில் கிடத்தி வைக்கும் பழைய வழக்கம் எகிப்தியக் கிறிஸ்தவர்களிடமும் தொடர்ந்தது. தமக்கு அது நேரக்கூடாது என்று அஞ்சினார். சீடர்கள் சொன்னபடியே செய்தார்கள். மிஞ்சியவை உடைகள் மட்டுமே: ஒரு ஆட்டுத்தோலும் பழைய மேலங்கியும் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியாருக்கு, இன்னொரு ஆட்டுத்தோல் ஆயர் செராப்பியோனுக்கு, மயிராடை அந்தச் சீடர்களுக்கு.

அன்றைய கிறிஸ்தவர்கள் வணங்கிய புனிதர்கள் எல்லாம் வேதசாட்சிகள். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களின் கல்லறைதான் வழிபாட்டு இடம். ஆண்டுதோறும் அவர்கள் இறந்த நாளில் அங்கே கூடுவார்கள். அந்தோணியும் 311இல் துன்புறுத்தல் நடந்தபோது அலெக்சாந்திரியாவுக்குப் போய், சிறைப்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்து, தாமும் சாகத் தயாராக நின்றார். யாரும் அவரைக் கைது செய்யவில்லை. இரண்டே ஆண்டுகளில் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார். இனி உயிரைக் கொடுக்கும் வாய்ப்பே அரிது என்றால் புனிதர் யார்? தினந்தோறும் தன்னையே கொடுப்பவர் என்ற விடை அந்தத் தலைமுறைக்குக் கிடைத்தது. அதை எழுதிக் காட்டியவர் அத்தனாசியார்.

அத்தனாசியார் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். 356இல் படைவீரர்கள் தேடி வர, அவர் ஓடி ஒளிந்தது பாலைவனத் துறவிகளிடம். அந்த ஆறு ஆண்டுத் தலைமறைவுக் காலத்தையொட்டி அவர் கிரேக்கத்தில் எழுதியதுதான் அந்தோணியின் வாழ்க்கை வரலாறு. கடல் கடந்து வாழும் துறவிகள் கேட்டதற்கு இணங்க எழுதப்பட்டதால், நூல் பிறக்கும்போதே கப்பலேறத் தயாராக இருந்தது. 374க்கு முன்பே லத்தீனில் இரண்டு மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. வேதசாட்சியின் கல்லறையைத் தேடி மக்கள் போக வேண்டியிருந்தது. கல்லறையே இல்லாத அந்தோணியோ ஏடுகளில் ஏறி மக்களைத் தேடிப் போனார். இந்தக் கதை முழுவதற்கும் திறவுகோல் இதுதான்.

386ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகர். பேச்சுக்கலை கற்பிக்கும் 31 வயது ஆப்பிரிக்க ஆசிரியர் ஒருவரைப் பார்க்க, சொந்த நாட்டுக்காரரான அரசு அதிகாரி பொந்தீசியானுஸ் வருகிறார். பேச்சுவாக்கில் அந்தோணியின் கதையைச் சொல்கிறார். இன்றைய ஜெர்மனியின் டிரியர் நகரில் அரச அலுவலர்கள் இருவர் உலாவப் போன இடத்தில் ஒரு குடிசையில் இந்த நூலைக் கண்டு, படித்து முடிப்பதற்குள் வேலையை உதறிவிட்டதையும் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியருக்கு நெஞ்சு கொதித்தது. படிக்காத எகிப்தியர்கள் விண்ணகத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, படித்த நாம் சேற்றில் உழல்கிறோமே என்று தவித்தார். அன்றே அவர் வாழ்க்கை திரும்பியது. அவர்தான் அகுஸ்தினார். ஓர் எதிர்பாராத விருந்தாளியின் வாய்மொழி வழியாகப் பாலைவனம் மேற்குலகின் சிந்தனைக்குள் நுழைந்தது.

நூல் இவ்வளவு புகழ் பெற்றால் போட்டிக்கு ஒருவர் வராமல் இருப்பாரா? சிரியப் பாலைவனத்தில் சிறிது காலம் தவம் செய்து பார்த்த ஜெரோம், 370களில் இன்னொரு வரலாறு எழுதினார். முதல் வனவாசி அந்தோணி இல்லை, அவருக்கும் மூத்தவர் தீப்ஸ் நகரத்துப் பவுல் என்பது அதன் வாதம். நம் ஊரில் வனத்துச் சின்னப்பர் என்று வணங்கப்படுபவர் இவரே. ஜெரோம் சொல்லும் கதையில் 90 வயது அந்தோணி 113 வயதுப் பவுலைத் தேடிப் போகிறார். வழியில் பாதி மனிதன் பாதி குதிரையான விலங்கு எதிர்ப்படுகிறது. அறுபது ஆண்டுகளாகப் பவுலுக்குத் தினமும் அரை ரொட்டி கொண்டுவந்த காகம், அன்று விருந்தாளிக்கும் சேர்த்து முழு ரொட்டியாகக் கொண்டுவருகிறது. பவுல் இறந்ததும் இரண்டு சிங்கங்கள் குழி தோண்டுகின்றன. பவுல் ஈச்ச ஓலையால் பின்னி உடுத்தியிருந்த ஆடையை அந்தோணி எடுத்துவைத்துப் பெருவிழா நாட்களில் மட்டும் அணிகிறார். பவுல் என்றொருவர் உண்மையில் இருந்தாரா என்று ஜெரோம் காலத்திலேயே ஐயம் கிளம்பியது. ஆனால் காகமும் ரொட்டியும் யாராலும் மறக்க முடியாத காட்சி ஆகிவிட்டன.

ஜெரோம் எழுதிய இன்னொரு வரலாறு, அந்தோணியின் சீடர் ஹிலாரியனுடையது. காசா அருகே தவம் செய்த அவரை நோயாளிகள் மொய்த்தார்கள். எகிப்து, சிசிலி, தால்மாசியா என்று ஓடினார். போன இடமெல்லாம் புகழ் முந்திக்கொண்டது. சைப்ரஸ் தீவில் இறந்தார். அங்கே அடக்கமான உடலைச் சீடர் எசிக்கியுஸ் பத்து மாதங்கள் தோட்டத்தில் காவல் இருப்பதுபோல் இருந்து, இரகசியமாகத் தோண்டியெடுத்துக் காசாவுக்குக் கொண்டுபோய்விட்டார். உடல் எங்களிடம் என்று பாலஸ்தீனரும் ஆவி எங்களிடம் என்று சைப்ரஸ்காரரும் வாதிட்டார்கள். குரு ஏன் தம் கல்லறையை மறைக்கச் சொன்னார் என்பதற்குச் சீடரின் கதையைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஐந்தாம் நூற்றாண்டில் வணக்கம் உயிரோடு இருக்கும் துறவியையே சூழ்ந்துகொண்டது. சிரியாவின் சிமியோன் கூட்டத்தின் நெருக்கடி தாளாமல் ஒரு தூண்மீது ஏறினார். தூணை உயர்த்திக்கொண்டே போய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் உச்சியிலேயே வாழ்ந்து 459இல் இறந்தார். உயரம் கூடக் கூடக் கூட்டமும் பெருகியது. பாரசீகர், அரேபியர், ஆர்மீனியர் மட்டுமல்ல, ஸ்பெயினிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் ஆட்கள் வந்ததாக, அவரை நேரில் அறிந்த ஆயர் தியடோரெத் எழுதினார். ரோம் நகரத்துப் பட்டறைக்காரர்கள் தங்கள் கடை வாசலில் காவலுக்காகச் சிமியோனின் சிறு உருவங்களை வைத்ததையும் அவரே குறிக்கிறார். தூணடியின் செம்மண்ணில் சிமியோன் உருவம் பதித்த வில்லைகள் நோய் தீர்க்கும் பொருளாகப் பயணிகளின் மூட்டைகளில் ஊர் ஊராகப் போயின. சிமியோன் இறந்ததும் உடலைப் படைவீரர்கள் சூழ அந்தியோக்கியா நகருக்குக் கொண்டு சென்றார்கள்.

இனி மேற்கே கடல் தாண்டுவோம். அயர்லாந்தில் மணல்வெளி ஏது? அங்கத்திய துறவிகள் கடலையே பாலைவனமாக்கினார்கள். கெரி கரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தள்ளி, அட்லாண்டிக் அலைகள் மோதும் ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற கூர்ப்பாறையில் 600க்கு மேற்பட்ட கற்படிகள் அமைத்து, தேன்கூடு வடிவக் கல்குடில்கள் கட்டி வாழ்ந்தார்கள். அவர்கள் நாட்டின் பெரிய கற்சிலுவைகளைப் பாருங்கள்: மூன் என்ற ஊரின் சிலுவையில் பவுலும் அந்தோணியும் எதிரெதிரே அமர்ந்து ரொட்டி பகிர்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிலுவையில் 8ஆம் நூற்றாண்டிலேயே அதே காட்சி, பெயர்களோடு. நிக் என்ற இடத்தின் கல்லில் ரொட்டி கொண்டுவரும் காகமே இருக்கிறது. ஜெரோமின் கதை சென்ற பாதையைக் கல்லிலேயே பின்தொடரலாம். பழைய ஐரிஷ் மன்றாட்டுமாலை ஒன்று, தங்கள் மண்ணில் அடங்கிய ஏழு எகிப்தியத் துறவிகளை வேண்டுகிறது. 2006இல் டிப்பரரி பகுதிச் சதுப்பில் மண்வாரி இயந்திரத்துக்குத் தற்செயலாகச் சிக்கியது ஒரு திருப்பாடல் சுவடி. வயது ஏறத்தாழ 1,200 ஆண்டுகள். அதன் தோல் அட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது எகிப்தின் பாப்பிரஸ்.

கிழக்கே இன்னும் நீண்ட பாதை. 6ஆம் நூற்றாண்டில் காஷ்கர் ஆபிரகாம் என்ற மெசபொத்தேமியத் துறவி எகிப்தின் மடங்களை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பி, நிசிபிஸ் அருகே இஸ்லா மலையில் பெரும் மடம் கண்டார். அடுத்த நூற்றாண்டில் எனானிஷோ என்பவர் பாலைவனத் தந்தையரின் வரலாறுகளையும் பொன்மொழிகளையும் சிரியாக் மொழியில் பெருந்தொகுப்பாக்கினார். அந்தப் பொன்மொழிகள் பட்டுச்சாலை வணிகர்களோடு நடந்தன. 1905இல் சீனாவின் துர்ஃபான் அருகே புலாயிக்கில் ஜெர்மன் ஆய்வாளர்கள் தோண்டியெடுத்த கிறிஸ்தவ மடத்துச் சுவடிகளில், எகிப்தியத் துறவிகளின் அறிவுரைகள் சோக்தியன் மொழியில் கிடைத்தன. சோக்தியன் பேசியவர்கள் பட்டுச்சாலையின் பெரும் வணிகர்கள். மணற்காட்டில் பேசப்பட்ட சொற்கள் இன்னொரு மணற்காட்டில் போய்ப் படிந்திருந்தன.

அதே பாதையில் எதிர்த்திசையிலும் ஒரு புனிதர் நடந்தார், அதுவும் இந்தியாவிலிருந்து. அரண்மனையில் துன்பமே அறியாமல் வளர்க்கப்பட்ட இளவரசன், நோயையும் முதுமையையும் இறப்பையும் கண்டு எல்லாவற்றையும் துறக்கிறான். புத்தரின் இந்தக் கதை பாரசீகம் வழியாக அரபுக்குப் போனது. அங்கிருந்து ஜார்ஜிய மொழிக்குப் போனபோது கிறிஸ்தவக் கதையானது. 1000ஆம் ஆண்டையொட்டி ஆதோஸ் மலைத் துறவி எவுத்திமியுஸ் அதைக் கிரேக்கத்தில் எழுதினார். 1048இல் லத்தீனுக்கு வந்தது. கிறிஸ்தவ வடிவத்தில் இளவரசனுக்கு வழிகாட்டுபவர் பர்லாம் என்ற பாலைவனத் தவசி. விலைமதிக்க முடியாத மாணிக்கம் விற்க வந்த வணிகராக வேடமிட்டு அரண்மனைக்குள் நுழைகிறார். இளவரசனுக்கு உரிய போதிசத்துவர் என்ற பெயர் அரபு எழுத்தில் ஒரு புள்ளி மாறியதால் யூதாசாஃப் ஆகி, ஐரோப்பாவில் யோசபாத் ஆனது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோமைப் புனிதர் பட்டியலில் நவம்பர் 27 பர்லாம், யோசபாத் நாளாக இடம்பெற்றது. 1571இல் வெனிஸ் ஆட்சியாளர் யோசபாத்தின் எலும்பு என்று ஒன்றைப் போர்ச்சுக்கல் மன்னருக்குப் பரிசாக அனுப்பினார். 1591இல் ஜப்பானில் இயேசு சபையார் அச்சிட்ட புனிதர் வரலாற்றிலும் இந்தக் கதை இடம்பெற்றது. புத்தரை அறிந்த நாட்டுக்கே புத்தரின் கதை கிறிஸ்தவத் துறவியின் உடையில் போய்ச் சேர்ந்தது. இதில் ஏமாற்று ஏதும் கிடையாது. அரண்மனையை விட்டுக் காட்டுக்குப் போனவன் வணங்கத்தக்கவன் என்பதை எந்த நாட்டு மக்களும் உடனே புரிந்துகொண்டார்கள்.

மறைத்த கல்லறை என்ன ஆயிற்று? 561இல் உடல் கண்டெடுக்கப்பட்டு அலெக்சாந்திரியாவுக்கும், பிறகு கான்ஸ்டான்டிநோபிளுக்கும் போனதாக மரபு சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டில் ஜோஸ்லின் என்ற பிரெஞ்சுப் பிரபு அங்கிருந்து அந்த எலும்புகளைத் தென்கிழக்குப் பிரான்சில் தோஃபினே பகுதியின் தம் ஊருக்குக் கொண்டுவந்தார். இன்று அந்த ஊரின் பெயரே செயிந்த் அந்துவான். பின்னாளில் ஆர்ல் நகரமும் உண்மையான எலும்புகள் எங்களிடமே என்றது. யார் சொன்னது மெய் என்பதைவிட, அந்தச் சிற்றூரில் அடுத்து நடந்ததுதான் முக்கியம்.

அந்நாளைய ஐரோப்பாவைக் கொடிய நோய் ஒன்று உலுக்கியது. கை கால்கள் தீயில் இட்டதுபோல் எரியும். பிறகு கறுத்து, வற்றி, உதிர்ந்து விழும். சிலருக்கு வலிப்பும் பயங்கரக் காட்சிகளும் வரும். நோயாளிகள் அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்ளப் பிரான்ஸின் அந்த ஊருக்கு வந்தார்கள். மகன் குணமடைந்த நன்றியில் காஸ்தோன் என்ற பிரபு 1095 வாக்கில் அங்கே நோயாளிகளுக்குப் பணி செய்யும் சகோதரர் குழு ஒன்றைத் தொடங்கினார். நோய்க்கே அந்தோணியார் நெருப்பு என்று பெயராயிற்று. கறுப்பு அங்கியில் நீல நிற டி வடிவச் சிலுவை அணிந்த அந்தோணியார் சபையினர் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளை ஐரோப்பா எங்கும் நடத்தினார்கள்.

நோயாளிகள் பலர் அங்கே உண்மையாகவே தேறினார்கள். காரணம் ரொட்டி. குளிர்ந்த ஈரமான ஆண்டுகளில் ரை தானியக் கதிரில் எர்காட் என்ற பூஞ்சை கறுப்புக் கொம்புபோல் முளைக்கும். நம் ஊர்க் கம்புக்கு வரும் தேன் ஒழுகல் நோயும் இதே பூஞ்சைக் குடும்பத்தின் வேலைதான். ஏழைகள் அந்த ரையை அப்படியே அரைத்துச் சாப்பிட்டார்கள். அதன் நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உறுப்புகளை அழுகவைத்தது. சகோதரர்களின் மருத்துவமனையில் நல்ல கோதுமை ரொட்டி, பன்றிக் கொழுப்பில் செய்த களிம்பு, மூலிகைகள், புனிதரின் எலும்பின்மீது ஊற்றி எடுத்த திராட்சை இரசம் எல்லாம் கிடைத்தன. நஞ்சுள்ள உணவு நின்றதும் உடல் மீண்டது. ரைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை டோதார்த் என்ற மருத்துவர் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு எழுதியது 1676இல்தான். அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே பக்தியும் பராமரிப்பும் சேர்ந்து பலரைப் பிழைக்கவைத்துவிட்டன.

பன்றி வந்த கதையும் இதோடு ஒட்டியது. மருத்துவமனையின் கொழுப்புக்கும் இறைச்சிக்கும் சபையினர் பன்றி வளர்த்தார்கள். 1131இல் பாரிஸ் தெருவில் ஒரு பன்றி குறுக்கே ஓடி, பிரெஞ்சு மன்னரின் மூத்த மகன் பிலிப் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அதன்பின் நகரத் தெருக்களில் பன்றிகளை அவிழ்த்துவிடத் தடை வந்தது. கழுத்தில் மணி கட்டிய அந்தோணியாரின் பன்றிகளுக்கு மட்டும் விலக்கு. மணிச் சத்தம் கேட்டால் ஊரார் வீட்டில் மிஞ்சியதைப் போடுவார்கள். அது நோயாளிக்குப் போட்டதற்குச் சமம். பிச்சை கேட்டு வரும் சகோதரர் கையிலும் மணி. பல நூற்றாண்டுகள் இதைப் பார்த்த ஓவியர்கள், மணியையும் பன்றியையும் எகிப்தியத் தவசியின் சொந்த உடைமையாகவே வரைந்துவிட்டார்கள். பன்றியிலிருந்து வீட்டு விலங்குகள் அனைத்துக்கும் அவர் காவலரானார். திருவிழா நாளான ஜனவரி 17 அன்று ரோமிலும் மாட்ரிட்டிலும் ஆடு மாடு முதல் நாய் பூனை வரை ஆலயத்துக்கு வரும். முந்திய இரவில் ஸ்பெயினின் சான் பர்த்தொலொமே தெ பினாரெஸ் என்ற ஊரில் குதிரைகள் நெருப்பின் ஊடே பாய்ந்து போகும்.

நல்ல பெயர் உள்ள இடத்தில் போலிகளும் கிளம்பினார்கள். அந்தோணியார் பெயரால் பொய்த் திருப்பொருட்களைக் காட்டிக் காணிக்கை திரட்டியவர்கள் 14ஆம் நூற்றாண்டு இத்தாலியில் எவ்வளவு பழக்கமானவர்கள் என்பதற்கு பொக்காச்சியோவின் டெக்கமரோன் கதைத்தொகுப்பு சாட்சி. அதில் ஒரு துறவி, கபிரியேல் தூதரின் சிறகு என்று கிளியின் இறகைக் காட்டத் திட்டமிடுகிறார்.

இனி இளைய அந்தோணியாருக்கு வருவோம். 1195இல் லிஸ்பனில் பிறந்த பெர்னாந்து, கொயிம்பிரா நகர மடத்தில் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தார். 1220இல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அந்த நகருக்கு வந்தன. அதைக் கண்டு மனம் உருகி அவர் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அந்தச் சபையார் அங்கே வாழ்ந்த ஒலிவத் தோப்புச் சிறு மடம், எகிப்தின் வனத்து அந்தோணியார் பெயரில் இருந்தது. புதிய துறவி அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். 1231இல் இறந்த இந்தப் பதுவை அந்தோணியாரை ஓராண்டுக்குள்ளாகவே, 1232 மே 30 அன்று, புனிதர் என்று அறிவித்தார்கள். எகிப்தில், செங்கடல் மலையடியில் மூத்தவரின் மடத்துக் கோவில் சுவர்களில் தியோடர் என்ற ஓவியர் துறவிகளின் வரிசையைத் தீட்டியதும் 1232, 1233 ஆண்டுகளில்தான். மெழுகுவர்த்திப் புகை படிந்து மறைந்திருந்த அந்த ஓவியங்கள் 1990களில் துலக்கப்பட்டன.

ஓவியர்களுக்குப் பெரிய அந்தோணியாரிடம் பிடித்தது கல்லறைக் குகையில் பேய்களோடு அவர் நடத்திய போராட்டம். பேய்களுக்கு வலிமை இல்லை என்பதுதான் அவர் போதனை. ஆனாலும் வரைவதற்குப் பேய்கள்தானே சுவை! கோல்மார் நகரத்து மார்ட்டின் ஷோன்காவர் 1470களில் செதுக்கிய அச்சுப்படம் மலிவாக எங்கும் பரவியது. அதைப் பார்த்து வரைந்த இத்தாலியச் சிறுவன் ஒருவன், பேயின் செதில்களைச் சரியாகத் தீட்ட மீன் சந்தைக்குப் போய் மீன்களை உற்றுப் பார்த்தான். அவன் பெயர் மைக்கேலாஞ்சலோ. அவன் ஓவியம் என்று கருதப்படுவதை 2009இல் அமெரிக்காவின் கிம்பெல் அருங்காட்சியகம் வாங்கியது. 1512க்கும் 1516க்கும் இடையில் ஈசன்ஹைம் ஊரின் அந்தோணியார் மருத்துவமனைக்காக குரூனவால்ட் தீட்டிய பீடத்தில் பேய்கள் அந்தோணியாரைப் புரட்டியெடுக்கின்றன. ஓரத்தில் வயிறு வீங்கிப் புண் வெடித்த நோயாளி சாய்ந்துகிடக்கிறார். எதிர்ப் பலகையில் பவுலும் அந்தோணியும் பேசுகிறார்கள், காகம் ரொட்டியோடு இறங்குகிறது, காலடியில் மருத்துவமனை பயன்படுத்திய மூலிகைகள். படுக்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட நோயாளி, தன் வேதனையையும் தன் மருந்தையும் ஒரே பீடத்தில் கண்டார்.

ஈசன்ஹைமிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரம் பாசல் நகரம். அங்கே சாண்டோஸ் நிறுவனத்தில் 1918இல் ஆர்தர் ஸ்டோல் எர்காட்டிலிருந்து எர்கோட்டமைன் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதே ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் எர்காட் சேர்மங்களிலிருந்து எல்.எஸ்.டி.யை உருவாக்கினார், அது மயக்கக் காட்சிகளைத் தரும் என்பது 1943இல் தற்செயலாகத் தெரிந்தது. நஞ்சின் இன்னொரு முகம் மருந்து. பேறுகாலத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்த நம் ஊர்ப் பிரசவ அறைகளில் போடும் மெத்தர்ஜின் ஊசியும் இதே எர்காட் குடும்பம்தான். கை கால்களைக் கருக்கிய அதே சுருக்கும் ஆற்றல், அளவோடு கொடுத்தால் தாயின் உயிரைக் காக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் அந்தோணி என்ற பெயரைக் கப்பலேற்றினார்கள். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1540களில் பிரான்சிஸ்கன் துறவிகள் இலங்கைக்கு வந்தனர். லிஸ்பனில் பிறந்த பதுவை அந்தோணியார் அவர்களுக்குத் தம் நாட்டுப் புனிதர். கடலோடிகள் அவரைப் பற்றிக்கொண்டார்கள். பாக் நீரிணையின் நடுவே கச்சத்தீவில் இரு நாட்டு மீனவர்களும் ஆண்டுதோறும் கூடும் ஆலயம் அவருடையது. அவர் சுமக்கும் பெயரோ நைல் நதிக்கரைக்காரர் தந்தது. அந்தோணிசாமி, அந்தோணியம்மாள், அந்தோணிமுத்து என்று நம் வீடுகளில் வழங்கும் பெயர்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

மூத்தவர் கரையைவிட உள்நாட்டு உழவர்களிடம் வேரூன்றினார். ஜனவரி 17 பொங்கலை ஒட்டி வருவது காலண்டர் செய்த உதவி. மாட்டுப் பொங்கல் கொண்டாடும் கைகளுக்கு, கால்நடைகளின் காவலரான புனிதரின் நாள் ஓரிரு நாளில் வருகிறது. திண்டுக்கல் வட்டாரக் கத்தோலிக்க ஊர்களில் பெரிய அந்தோணியார் பொங்கல் என்றே ஒரு விழா உண்டு. மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி ஆலயத்துக்கு ஓட்டிவருவார்கள், குருவானவர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார், பொங்கல் வைப்பார்கள். பிரெஞ்சு மருத்துவமனைப் பன்றியின் வழியாக அவருக்குக் கிடைத்த பொறுப்பு, இங்கே காளை வளர்ப்பவரின் நம்பிக்கையாகிவிட்டது.

எகிப்திலோ கதை தொடங்கிய இடத்திலேயே புதுத் தளிர் விட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, காப்திக் எனப்படும் எகிப்தியக் கிறிஸ்தவர்களில் படித்த இளைஞர்கள் பழைய பாலைவன மடங்களைத் தேடிப் போனார்கள். 1954இல் அப்படித் துறவியான நசீர் காயித் என்ற இளைஞர் ஏற்ற துறவறப் பெயர் அந்தோணியோஸ். சில ஆண்டுகள் குகையில் தனித்து வாழ்ந்த அவரே 1971இல் காப்திக் திருச்சபையின் தலைவர் மூன்றாம் ஷெனூடா ஆனார். 2012இல் மறையும்வரை வழிநடத்தினார். அவர் காலத்தில் காப்திக் மக்கள் பல நாடுகளுக்குக் குடிபெயர, மடங்களும் கூடவே போயின. கலிபோர்னியாவின் மொகாவே பாலைவனத்தில் இன்று புனித அந்தோணியார் பெயரில் ஒரு காப்திக் மடம் இருக்கிறது. செங்கடல் மலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறி அவர் குகைக்குப் போகும் பயணிகளும் குறையவில்லை.

இவ்வளவு பேர் இவரைக் கொண்டுபோனதற்குக் காரணம் அத்தனாசியாரின் நூலிலேயே ஓரிடத்தில் இருக்கிறது. செங்கடல் மலையில் அந்தோணிக்குப் பிறர் ரொட்டி சுமந்து வந்தார்கள். அந்தச் சிரமத்தை அவர்களுக்குக் கொடுக்க மனமில்லாமல், மண்வெட்டி கேட்டு வாங்கித் தாமே கொஞ்சம் கோதுமை பயிரிட்டார். பிறகு ஆட்கள் தேடி வரத் தொடங்கியதைக் கண்டு, கடினமான வழியில் நடந்து களைத்து வருபவர்களுக்காகக் காய்கறியும் பயிரிட்டார். தனிமையை நாடியவர், வரப்போகிறவர்களின் பசியை முன்கூட்டியே நினைத்தார். பிரெஞ்சுச் சகோதரர்கள் நோயாளிக்கு நல்ல ரொட்டி கொடுத்தபோது, இந்த நூலில் உள்ள அந்தோணியாரைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். பேய்களும் பன்றியும் காகமும் அவரை நினைவில் வைக்க உதவின. அவரை வணங்குவதற்கு உரிய முறை எது என்று கேட்டால், அந்தக் காய்கறிப் பாத்தியைத்தான் நான் காட்டுவேன்.